ஒரு நாள் விட்டால் கை மறந்துவிடுமா? சிலம்பப் பயிற்சியும் உடல் தேறும் காலமும்

வாசகர் கேள்வி, 5 பிப்ரவரி 2024

எனக்கு வயது 24. இரண்டரை ஆண்டுகளாகச் சிலம்பம் பயில்கிறேன். ஆகஸ்டில் வரவிருக்கும் போட்டிக்காக வாரத்தின் ஏழு நாளும் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒன்றரை மணி நேரமும் கம்பு சுற்றுகிறேன். ஒரு மாதமாக வலது முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது; ஆனால் உடல் சூடேறிய பிறகு வலி மறைந்துவிடுகிறது. ஒரு நாள் விட்டால் கை மறந்துவிடும் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். ஓய்வு என்பது சோம்பலுக்கு நாம் சூட்டிய நல்ல பெயர் என்றே நானும் நினைக்கிறேன். இந்த எண்ணம் தவறா?

5 பிப்ரவரி 2024, இரவு

தவறு. ஆனால் இதே எண்ணத்தோடு நான் பதினோரு ஆண்டுகள் பயின்றேன் என்பதால், அது எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். விடாமல் செய்பவனே தேறுவான் என்பதை நம் கண்ணால் பார்க்கிறோம். விட்டுப் போனவர்கள் விட்டுப் போகிறார்கள். தினமும் வந்தவர்கள் மேடை ஏறுகிறார்கள். தினமும் வந்தவர்களில் எத்தனை பேர் கை போய், தோள் போய், சொல்லாமல் நின்றுவிட்டார்கள் என்பதை மட்டும் நாம் எண்ணுவதில்லை.

ஒரு நாளில் கை எதையும் மறப்பதில்லை. சீராகக் கற்ற அசைவு பல மாதங்கள் கழித்தும் திரும்பி வரும். முதலில் குறையத் தொடங்குவது தாக்குப்பிடிக்கும் திறன்தான். அதற்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் முற்றிலும் சும்மா இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்பட வைத்தது, சூடேறிய பிறகு வலி மறைந்துவிடுகிறது என்ற வரிதான். 2016இல், என் 35ஆம் வயதில், இதே இடத்தில் இதே வலி எனக்கு வந்தது. இதே போல மறைந்தது. மறைகிறதே என்று நானும் தொடர்ந்தேன். நான்காவது மாதம் ஒரு காலையில் துவைத்த வேட்டியைப் பிழியும்போது கை தானாக விட்டுவிட்டது. தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்க இடக்கையைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. மீண்டும் முழு வேகத்தில் கம்பு பிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இரண்டு வாரம் கம்பைத் தொடாமல் இருங்கள்.

7 பிப்ரவரி 2024

வாரத்தில் பதினேழரை மணி நேரம் என்பதை எழுதிப் பார்த்தால்தான் அதன் அளவு தெரிகிறது. நேற்று ஒற்றைக் கம்பை நடுத்தர வேகத்தில் சுற்றி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி வருகிறது என்று எண்ணினேன். எண்பது வந்தது. உங்கள் பயிற்சி நேரத்தில் பாதியைக் காலடிக்கும் வெறுங்கைக் குத்துவரிசைக்கும் ஒதுக்கினாலும், மீதிப் பாதியில் வாரத்துக்கு நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகள் அந்த மணிக்கட்டின் வழியாகப் போகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் பிடியை இறுக்கித் தளர்த்தும் தசைகளில் பல, முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் ஒரு சிறிய இடத்தில் வந்து கட்டப்பட்டிருக்கின்றன. நீங்கள் சொல்லும் வலி அந்தக் கட்டில் இருக்கிறது.

கம்பையும் பாருங்கள். தலை உயரத்துக்கு மேல் நீண்ட கம்பு, பருமனான மூங்கில், வியர்வையில் வழுக்கும் பிடி ஆகிய மூன்றும் கையை மேலும் இறுக வைக்கும். நெற்றி உயரப் பிரம்புக்கு மாறியபோது எனக்குப் பாதிச் சிரமம் குறைந்தது. புதிதாகச் சேரும் சிறுவர்களுக்குப் பெரியவர்களின் கம்பைக் கொடுப்பதை நான் இன்றும் பல களங்களில் பார்க்கிறேன். அது எனக்கு வருத்தம் தருகிறது.

11 பிப்ரவரி 2024

ஐந்தாம் தேதி நான் எழுதிய கடைசி வரியைத் திருத்துகிறேன். இரண்டு வாரம் கம்பைத் தொடாமல் இருங்கள் என்று சொன்னது பாதிதான் சரி. 2016இல் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரையும் அதுதான். மூன்று வாரம் முழு ஓய்வில் இருந்தேன், வலி போயிற்று, கம்பெடுத்த நான்காம் நாளே திரும்பி வந்தது. தசையை எலும்போடு கட்டும் நாண், சும்மா விட்டால் வலுவடைவதில்லை. அளவான சுமைதான் அதை வலுப்படுத்தும். ஓய்வில் வலி அடங்கும். ஆனால் நாண் முன்பிருந்ததைவிடத் தளர்ந்திருக்கும்.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். குதிகால் நாணில் நெடுநாள் வலி கொண்ட 15 ஓட்டக்காரர்களை, படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை நாளுக்கு இரு வேளை, 12 வாரம் செய்ய வைத்தார். அவர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். முழங்கைக்கும் குதிகாலுக்கும் வேறுபாடு உண்டு என்றாலும் நெறி ஒன்றுதான்.

பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொல்லித் தந்தது இது. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் 45 வினாடி தாங்க வேண்டும். இடையில் இரண்டு நிமிடம் விட்டு ஐந்து முறை. இரண்டு வாரத்துக்குப் பிறகு புட்டியை மெல்ல இறக்கி, மறு கையால் தூக்கி, மீண்டும் இறக்க வேண்டும். இது அலுப்பூட்டும் வேலை. ஆனால் கை தேறியது இதனால்தான். நான் மூன்று மாதம் தேய்த்த தைலத்தால் அல்ல.

12 பிப்ரவரி 2024

ஒன்று விட்டுப்போயிற்று. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டில் வீக்கம், விரல்களில் மரத்துப்போதல், பிடி திடீரென்று நழுவுதல் ஆகிய எதுவாவது இருந்தால் மேலே எழுதியதை வைத்து நீங்களே மருத்துவம் செய்துகொள்ள வேண்டாம். மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

25 பிப்ரவரி 2024

உடல் வலி இரண்டு நாளில் போய்விடுகிறது, அப்படியானால் மூன்றாம் நாள் முழு வேகத்தில் செய்யலாமே என்று இன்னொருவர் கேட்கிறார். இந்தக் கேள்வியில்தான் மொத்த விஷயமும் அடங்கியிருக்கிறது.

தசைக்கும் நாணுக்கும் காலக்கணக்கு வேறு. புதிதாக ஒரு கடும் பயிற்சி செய்தால் தசைவலி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். அது நமக்குத் தெரிகிறது. படியிறங்கும்போது தொடை சொல்கிறது. நாண் அப்படிச் சொல்வதில்லை. கடும் சுமைக்குப் பிறகு முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை நாணில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம் என்றும், அதன் பிறகே கட்டுதல் மிஞ்சி, அது ஏறத்தாழ 72 மணி நேரம் வரை தொடர்கிறது என்றும் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2010இல் விளக்கினார்கள். மனிதருக்கு மனிதர் இது மாறும். ஆனால் சிதைவு மிஞ்சியிருக்கும் நேரத்திலேயே அடுத்த கடும் சுமையை ஏற்றி, அதையே நாள்தோறும் செய்தால், கட்டுவதற்குரிய நேரம் வருவதே இல்லை. அதுவும் ஒரே மணிக்கட்டில், ஒரே திசையில்.

மாதக்கணக்கில் இப்படி நடக்கும்போது தசை மட்டும் வலுத்துக்கொண்டே போகும். வேகம் கூடும், வாத்தியார் பாராட்டுவார், நாமும் மகிழ்வோம். வலுத்த தசை தளர்ந்த நாணை இழுத்துக்கொண்டிருக்கும் அந்தக் காலம்தான் ஆபத்தானது. என் வாழ்வில் நான் மிக நன்றாகக் கம்பு சுற்றிய மாதம், கை போவதற்கு முந்திய மாதம்.

ஆகவே நான் இப்போது வலியைப் பயிற்சியின் நடுவில் கேட்பதில்லை. மறுநாள் காலையில் கேட்கிறேன். எழுந்தவுடன் ஒரு ஈரத்துண்டைப் பிழிவேன். முந்திய நாள் காலையைவிட வலி கூடியிருந்தால் நேற்றைய அளவு மிகுதி. கூடவில்லை என்றால் அந்த அளவு பொருந்தும். பயிற்சியின்போது சிறு வலி இருந்ததா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

9 மார்ச் 2024

மரபில் ஓய்வு என்பதே கிடையாது என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இருந்தது. கேரளத்துத் தற்காப்புக் கலைக் கூடங்களான களரிகளில் மழைக்காலம் வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, கர்க்கடக மாதம் (நம் ஆடி) முழுவதும் உடலுக்கு எண்ணெயிட்டு உழிச்சில் என்ற தேய்ப்புச் செய்து ஓய்வெடுப்பார்கள். ஆண்டின் ஒரு பகுதி உடலைக் கட்டுவதற்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

16 மார்ச் 2024

மேலே எழுதியதில் பிழை. களரிப் பயிற்சி பெற்ற ஒரு நண்பரிடம் பேசிய பிறகு திருத்துகிறேன். மழைக்காலம் பயிற்சியை நிறுத்தும் காலம் அல்ல. மரபுப்படி கடும் பயிற்சிக்கு உரிய காலமே அதுதான். காற்று குளிர்ந்திருக்கும், உடல் எளிதில் சூட்டில் தளராது என்பதால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை பயிற்சியும் உழிச்சிலும் சேர்ந்தே நடந்தன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆசான் காலால் மிதித்துத் தேய்க்கும் சவிட்டி உழிச்சிலும் இதில் அடக்கம்.

திருத்திய பிறகு என் வாதம் வலுத்திருக்கிறது. மிகக் கடுமையான பயிற்சியை ஆண்டின் மிகக் குளிர்ந்த சூழலோடு பொருத்தி, அதே மாதங்களில் உழிச்சிலையும் பத்தியத்தையும் வைத்திருக்கிறார்கள். உழிச்சில் எத்தனை நாள் நடந்ததோ, அத்தனை நாள் அதற்குப் பிறகும் அடங்கியிருக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு நல்லிருக்கை என்று பெயர். நல்ல இருப்பு. சும்மா இருப்பதற்கு இவ்வளவு மதிப்பான பெயரை வைத்தவர்கள் ஓய்வைச் சோம்பல் என்று நினைத்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலும் அறுவடை முடிந்த பனிக்காலத்து இரவுகளில்தான் கம்பு பழகியதாக என் தாய்மாமா சொல்வார். சித்திரை வெயிலில் யாரும் களத்தில் இறங்கியதில்லை.

31 மார்ச் 2024

குஸ்தி பயில்வான்கள் தினமும் பயில்கிறார்கள், தாய்லாந்துக் குத்துச்சண்டை வீரர்கள் நாளுக்கு இரு வேளை பயில்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்ற மறுப்பு நியாயமானது.

முதலாவது, அவர்களுக்கு ஆகிறது. நின்றுபோனவர்களை நாம் பார்ப்பதில்லை. இரண்டாவது, அவர்களுடைய நாளின் அமைப்பைப் பாருங்கள். அகாடா என்ற குஸ்திக் களத்தில் விடியலில் பயிற்சி, பிறகு ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்ப்பு, பால், நெய், பாதாம் என்று நிறைந்த உணவு, பகல் தூக்கம், மாலையில் மீண்டும் களம். தாய்லாந்து முகாம்களிலும் இரு வேளைக்கும் இடையில் தூக்கம் உண்டு. போட்டி அடிக்கடி வரும் என்பதால் அங்கே இணையோடு மோதும் பயிற்சியைப் பெரும்பாலும் மென்மையாகவே, விளையாட்டுப் போலவே செய்கிறார்கள். பலமாக அடிக்கும் பயிற்சியெல்லாம் மெத்தைப் பட்டைகளின் மேல்தான். இங்கே கேள்வி கேட்டவர் துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்வதாகத் தனியே எழுதியிருக்கிறார். பயில்வானின் பயிற்சி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய தூக்கத்தை விட்டுவிட்டால், அது அவருடைய முறை ஆகாது.

டோக்கியோவின் கோடோகன் ஜூடோ பள்ளியில் ஜனவரிக் குளிரில், விடியலுக்கு முன் நடக்கும் கன்கெய்கோ என்ற கடும் பயிற்சியையும் ஒருவர் எடுத்துக்காட்டினார். அது நல்ல எடுத்துக்காட்டுதான். அந்தப் பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடும். முடியும் நாள் முன்பே தெரியும் என்பதால்தான் அவ்வளவு கடுமை சாத்தியமாகிறது. ஆண்டு முழுவதையும் கன்கெய்கோவாக நடத்துவதில்லை.

21 ஏப்ரல் 2024

வெயில் ஏறிவிட்டது. மாலை ஐந்து மணிக்குச் சிமெண்டுத் தளத்தில் பயிற்சி நடத்தும் களங்கள் தயவுசெய்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நேற்றுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். முன்பு 68.4 கிலோ, ஒன்றேகால் மணி நேரம் கழித்து 67.1. நடுவில் தண்ணீர் குடிக்கவில்லை. இழந்த 1.3 கிலோவும் ஏறத்தாழ 1.3 லிட்டர் வியர்வைதான். என் எடையில் அது 2 விழுக்காட்டை நெருங்குகிறது. அந்த எல்லைக்கு அப்பால் வேகமும் கவனமும் குறையத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நீர்மோரில் உப்பிட்டுக் குடித்தால் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கடும் பயிற்சிக்குப் பிறகு தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அதைச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி அது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

5 மே 2024

கேள்வி கேட்டவர் மூன்று மாதம் கழித்து எழுதியிருக்கிறார். முழங்கை முக்கால்வாசி தேறிவிட்டதாம். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அளவுகோல் கேட்கிறார். நான் பின்பற்றுவது கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரப்பிய எளிய கணக்கு. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, இன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை நீங்களே ஒரு எண் கொடுங்கள். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். அவ்வளவுதான்.

உங்கள் பழைய வாரத்தைப் போட்டுப் பார்த்தேன். காலை 60 நிமிடம், கடினம் 6 என்றால் 360. மாலை 90 நிமிடம், கடினம் 8 என்றால் 720. நாளுக்கு 1,080, வாரத்துக்கு 7,560. ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் வேறுபாடே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபாஸ்டர் மொத்தத்தை மட்டும் பார்க்கவில்லை. எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதையே ஒரு கேடாகக் கண்டார்.

இப்போது நான் சொல்வது, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாள் கடும் பயிற்சி: 90 நிமிடம், கடினம் 8. அதில் படைவீச்சு, தொடுமுறை (எதிராளியைக் கம்பால் தொடும் மோதல்), இரட்டைக் கம்பு எல்லாவற்றையும் முழு வேகத்தில் செய்யுங்கள். திங்களும் வெள்ளியும் 45 நிமிடம், கடினம் 3: காலடி மட்டும், கையில் கம்பில்லாமல். புதனன்று 60 நிமிடம், கடினம் 5. ஞாயிறு ஒன்றுமில்லை. மொத்தம் 2,730. பாதிக்கும் கீழே இறங்குகிறோமே என்று பதற வேண்டாம். அங்கிருந்து வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் ஏற்றிக்கொண்டு போகலாம். இந்தப் பத்தில் ஒரு பங்கு அறிவியல் விதி அல்ல. என் கைக்கு ஒத்துவந்த அளவு.

இதில் மிகக் கடினமானவை திங்களும் வெள்ளியும்தான். மென்மையான நாளை மென்மையாகவே வைத்திருக்க நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. களத்தில் நான்கு பேர் சுற்றிக்கொண்டிருக்கும்போது கை தானாகக் கம்பைத் தேடும். 3 என்று தொடங்கியது 6இல் முடியும். மறுநாள் கடும் பயிற்சியில் 8 வராது, 6தான் வரும். அதனால்தான் கம்பையே எடுத்துப் போக வேண்டாம் என்கிறேன்.

23 ஜூன் 2024

மேலே உள்ள கணக்கை எழுதிய நானே அதை மீறினேன். அதை மறைப்பது இங்கே படிப்பவர்களுக்குச் செய்யும் துரோகம் என்பதால் எழுதுகிறேன். என் வழக்கமான வாரம் 1,800. இந்த மாதத் தொடக்கத்தில் ஐந்து நாள் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன். நாளுக்கு நான்கு மணி நேரம், கடினம் 6. வாரம் 7,200, வழக்கத்தின் நான்கு மடங்கு. முதல் மூன்று நாள் உற்சாகமாக இருந்தது. நான்காம் நாள் காலை சட்டை போடக் கை மேலே போகவில்லை. வலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு அன்றும் மறுநாளும் பயின்றேன். மூன்று வாரமாக இடத் தோளைக் கீழே வைத்துப் படுக்க முடியவில்லை.

நான் ஏன் நிறுத்தவில்லை என்று பலமுறை யோசித்தேன். அறிவு போதவில்லை என்று சொல்ல முடியாது. 43 வயதில், இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே, உட்கார்ந்திருப்பவனாகத் தெரிய எனக்கு மனமில்லை. இளைஞர்களுக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி இருக்கிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்திருக்கிறது. இந்த ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவை நல்லவை, நாம் கேட்டுப் பெற்றவை. ஆனால் ஒரு சான்றிதழில் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை இருக்கும்போது, வலிக்கிறது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. அதை முதலில் கேட்க வேண்டியவர் வாத்தியார்.

ஐஸ் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வலியைத் தணிக்க வைக்கலாம், அதனால் விரைவில் ஆறும் என்று எண்ண வேண்டாம். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் ஒரு சூத்திரமாகத் தந்த மருத்துவர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் தாமே எழுதினார். தம் பெயர் பெற்ற கருத்தைத் தாமே திருத்திய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

14 ஜூலை 2024

இது வேறு விஷயம். ஆனால் இங்கேயே இருக்க வேண்டும். தொடுமுறைப் பயிற்சியில் ஒரு பையனுக்குக் கம்பு நெற்றிப்பொட்டில் பட்டது. தலைக்கவசம் இல்லை. சில நொடிகள் தள்ளாடினான், பிறகு சிரித்தான், ஒன்றுமில்லை என்று மீண்டும் கம்பெடுத்தான். நான் இருந்ததால் உட்கார வைத்தேன். சுற்றியிருந்தவர்களுக்கு அது மிகையாகத் தெரிந்தது.

கை, தோள், முழங்கை பற்றி மேலே எழுதிய சுமைக் கணக்கு எதுவும் தலைக்குப் பொருந்தாது. தலையில் அடிபட்டுத் தள்ளாட்டமோ குழப்பமோ வந்தால் அன்று அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாள் அமைதி, பிறகு நடை, பிறகு மென்மையான அசைவு, பிறகு தனியாகக் கம்பு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மருத்துவர் சரி என்ற பிறகே எதிரில் ஆள். வாந்தியோ, கூடிக்கொண்டே போகும் தலைவலியோ, தூக்கக் கலக்கமோ இருந்தால் காத்திருக்கவே கூடாது.

25 ஆகஸ்டு 2024

போட்டி முடிந்துவிட்டது. கேள்வி கேட்டவர் தம் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றிருக்கிறார். கடைசி மூன்று வாரத்தில் சுமை 4,100 வரை போனதாகவும், போட்டிக்கு முந்திய வாரம் அதைப் பாதியாகக் குறைத்ததாகவும், அந்த வாரம் தமக்குத் தூக்கமே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். குறைத்த வாரத்தில் மனம் அலைபாய்வது இயல்பு. எனக்கும் அப்படித்தான் இருக்கும். அவருடைய வாத்தியாரிடம் மே மாதக் கணக்கை அவர் காட்டியிருக்கிறார். வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து வைத்துக்கொண்டாராம். பிறகு ஒரு திங்கட்கிழமை களத்தில் எல்லோருடைய கம்புகளையும் சுவரோரம் சாய்க்கச் சொல்லி, ஒரு மணி நேரம் காலடி மட்டும் நடத்தியிருக்கிறார்.

போட்டிக்கு மறுநாள் காலை துண்டைப் பிழிந்து பார்த்தீர்களா என்று கேட்டிருந்தேன். பிழிந்தாராம். முழங்கையில் லேசாக ஏதோ இருந்தது, முந்திய நாளைவிடக் கூடவில்லை என்கிறார். என் தோள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. 45 வினாடி தாங்குவதில் நான்காம் முறை வரைதான் முடிகிறது, ஐந்தாவது நடுங்குகிறது.